கோத்தகிரி ஈரமும் 1440×900 திரையும்: லினக்ஸில் மூன்று வருட அனுபவம்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பா நோட்டீஸ் எல்லாம் இங்கே தயாராகும். கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள பதிப்பு போட்டு மூன்று வருடம் ஆகிறது. படம் வரைய இங்க்ஸ்கேப்பும் பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸும் என் வேலைக்குத் தாராளம். மானிட்டர் மட்டும் பழசு: 19 அங்குலம், 1440×900, விஜிஏ கேபிள்.

முதல் வருட ஐப்பசி மழையில்தான் தொல்லை ஆரம்பித்தது. சில நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை 1024×768-இல் வந்து நிற்கும். அகலத் திரையில் அது இழுபட்டு, வட்டம் உயரத்தைவிட 20 சதவீதம் அகலமாகிவிடும். நோட்டீஸ் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, விளக்கு அமுங்கினாப்ல இருக்கு?" என்று கேட்டார். அதைவிட மோசம் பிழை திருத்தம். எழுத்து மங்கலாகத் தெரியும்போது ரெண்டு சுழியா மூணு சுழியா என்று கண்ணால் எண்ண முடியாது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாக அச்சானால் அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பட்டியலில் அந்த நாட்களில் 1440×900 இருக்கவே இருக்காது. டெர்மினலில் சிவிடி கட்டளைக்கு 1440, 900, 60 என்று கொடுத்தால் 106.50-இல் தொடங்கும் ஒரு மோட்லைன், அதாவது அந்தத் திரை அளவுக்கான எண்கள் அடங்கிய வரி, கிடைக்கும். அதை எக்ஸ்ரேண்டர் என்ற திரை அமைப்புக் கட்டளை மூலம் புதிய மோடாகச் சேர்த்து, விஜிஏ வெளியீட்டோடு இணைத்தால் திரை உடனே சரியாகும். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். திரையில் எல்லாவற்றையும் காட்டும் நிரல்தான் எக்ஸ் சர்வர்; எக்ஸ்ரேண்டர் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ் சர்வரைத்தான் மாற்றுகிறது, எந்தக் கோப்பிலும் எழுதி வைப்பதில்லை. (1366×768 மானிட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிவிடி அகலத்தை 8-இன் மடங்காக்கி 1368 என்று தரும். பயப்பட வேண்டாம்.)

அடுத்து அந்தக் கட்டளைகளை ஹோம் கோப்புறையில், லாகின் செய்யும்போது தானாக ஓடும் எக்ஸ்ப்ரொஃபைல் கோப்பில் எழுதினேன். ஏறக்குறைய ஒரு வருடம் அதில்தான் ஓட்டினேன். லாகின் திரை பழையபடியே பெரிதாக வரும். கடையில் உதவிக்கு இருக்கும் பையன் தன் கணக்கில் நுழைந்தால், "அண்ணா, மறுபடியும் போச்சு" என்பான். போதாக்குறைக்கு, எக்ஸ்எஃப்சிஇ தானும் ஒரு திரை அமைப்பைச் சேமித்து வைத்து லாகினில் போட்டுவிடும். சில நாள் அது என் வரிகளை அடித்துவிடும். ஒரே ஆள் உட்காரும் கணினிக்கு வேண்டுமானால் இந்த வழியைச் சொல்வேன்.

நிலைத்த வழி ஈடிசி கோப்புறையில் இருக்கிறது. அதற்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க் கான்ஃப் டி. அந்தக் கடைசிக் கோப்புறை என் கணினியில் இல்லை, நானே உருவாக்கினேன். அதில் ஒரு கோப்பு வைத்து, மானிட்டர் பகுதியில் அதே மோட்லைனையும், அதுவே விருப்ப மோட் என்ற வரியையும் எழுதினால் லாகின் திரையிலிருந்தே 1440×900 வரும், யார் நுழைந்தாலும். யூஎஸ்ஆர் ஷேர் பக்கம் இதே பெயரில் உள்ள கோப்புறையில் கை வைக்காதீர்கள், அப்டேட்டில் அழிந்துபோகலாம். எனக்கு இரண்டு நாள் வீணானது வெளியீட்டின் பெயரால். பழைய இன்டெல் டிரைவரில் அது விஜிஏ1, இப்போதைய மோட்செட்டிங் டிரைவரில் நடுவில் கோடு போட்ட விஜிஏ-1. எக்ஸ்ரேண்டர் காட்டும் பெயரைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும்.

திரை சரியானாலும், ஏன் மழைக்காலத்தில் மட்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. மானிட்டர் தன் அளவுகளை இடிஐடி என்ற 128 பைட் குறிப்பாகச் சொல்லும். விஜிஏ பிளக்கில் 12, 15-ஆம் பின்கள்தான் அதைக் கொண்டுபோகின்றன. சிஸ் கோப்புறையில் விஜிஏ-வுக்குரிய இடிஐடி கோப்பைப் பார்த்தேன். தொல்லை வந்த நாட்களில் அது காலி. குறிப்பு வராவிட்டால் எக்ஸ் பத்திரமாக 1024×768-க்கு இறங்கிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருந்தது. கார்த்திகை வரை இங்கே மஞ்சு கதவிடுக்கில் நுழையும், சுவரே வியர்க்கும், பித்தளைக்குப் பச்சை பிடிக்காதா? ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கேபிளை மாற்றி, இரு பக்கத் திருகையும் இறுக்கினேன். பட்டியலில் 1440×900 தானாக வந்துவிட்டது. நான் இதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நீங்களாவது முதலில் பிளக்கைப் பாருங்கள்.

வீட்டில் அக்கா மகன் உபுண்டு லினக்ஸில், எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்ட் வைத்திருக்கிறான். அங்கே எக்ஸ்ரேண்டரில் மோட் சேர்க்கும் வேலை நடக்காது. அவனுடைய டெஸ்க்டாப்பான க்னோம் திரைத் தேர்வுகளை மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் சேமிக்கிறது. பட்டியலிலேயே இல்லாத அளவுக்கு, கணினியைத் தொடக்கும் க்ரப் நிரலின் அமைப்பில், லினக்ஸின் மையமான கர்னலுக்கு வீடியோ என்ற வரி கொடுத்து அப்டேட் க்ரப் ஓட்ட வேண்டும்.

ஈடிசியில் வைத்த என் கோப்பை இன்னும் எடுக்கவில்லை, ஈரம் மறுபடி வரும் என்பதால். அதில் ஒரு குறை உண்டு. போன கோடையில் மானிட்டர் பழுதாகி, இரவல் வாங்கிய வேறொன்றை மாட்டியபோது அதனால் இந்த அளவைக் காட்ட முடியாமல் திரை கறுப்பாகவே நின்றது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் அந்தக் கோப்பின் பெயரை மாற்றினேன். கான்ஃப் என்று முடியாத கோப்பை எக்ஸ் படிக்காது. அந்த மூன்று சாவிகளையும் ஒரு தாளில் எழுதி, பையனுக்காக மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.