முட்டி ஜவ்வு ஆபரேஷன்: சொந்தத் தசைநாணா, டோனர் தசைநாணா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் திடல்ல பந்து ஆடுற பையன்களுக்கு ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள இருக்குற ஜவ்வு, அறுந்து போறது ஒண்ணும் புதுசில்ல, மழ பேஞ்ச புல்லுல கால ஊணித் திரும்புவான், யாரும் மோதியிருக்க மாட்டாங்க, டப்புன்னு சத்தம் கேக்கும், அப்புறம் முட்டி வீங்கிடும். ஆபரேஷன்ல அறுந்த ஜவ்வுக்குப் பதிலா அவன் ஒடம்புலயே வேற எடத்துலருந்து ஒரு தசைநாண, அதாவது சதைய எலும்போட கட்டுற நார, எடுத்து வெப்பாங்க. அதச் சொன்னதும் வீட்ல அம்மா கேக்குறது, "நல்லா இருக்குற எடத்த ஏன் வெட்டணும், செத்தவங்க குடுத்தத போட்டா ஆகாதா?"

ஆகும். டோனர் தசைநாணுக்கு ரத்த குரூப் பாக்க வேணாம், கிட்னி மாத்துனவங்க மாதிரி காலம்பூரா மாத்திர முழுங்கவும் வேணாம், எச்ஐவி, ஹெபடைடிஸ் டெஸ்ட் பண்ணித்தான் ஃபிரீசர்ல வெச்சிருப்பாங்க. இன்னொரு எடத்துல வெட்டு இல்லாததால மொத வாரங்கள்ல வலியும் கம்மி. ஆனா எனக்குப் பயமே அங்கதான், வலி இல்லன்னதும் பையன் ஃபுட்சாலுக்குக் கெளம்பிடுவான், உள்ள இருக்குறது இன்னும் ஒடம்போட ஒட்டியிருக்காது, சொந்தத்த விட இது ஒட்ட லேட்டாகும். அமெரிக்காவுல மூன் (MOON) அப்படின்னு ஒரு ஆய்வுக் குழு வருஷக்கணக்கா பாத்ததுல, சின்ன வயசு ஆட்டக்காரங்களுக்கு டோனர் போட்டா திரும்ப அறுந்து போறது நல்லாவே கூடுதுன்னு வந்திருக்கு. இருபது வயசுப் பையனுக்கு நான் டோனர் வேணாம்னுதான் சொல்லுவேன்.

சரி, சொந்தம்னா எங்கருந்து எடுக்குறது? பட்டெல்லா தசைநாண, அதான் முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்குறத, ரெண்டு பக்கமும் எலும்புத் துண்டோட எடுப்பாங்க, எலும்பும் எலும்பும் சீக்கிரம் சேந்துக்கும், ஆனா முட்டி போட்டா முன்பக்கம் வலிக்கும். செம்பனையில உதிரிப் பழம் பொறுக்குறவனுக்கும் சூராவுல அஞ்சு வேள தொழுவுற கூட்டாளிக்கும் இது சின்ன விஷயம் இல்லீங்க. தொடைக்குப் பின்பக்கம் இருக்குற ஹாம்ஸ்ட்ரிங்ல அந்தத் தொல்ல கொறவு, வெட்டும் சின்னது, ஆனா ஒல்லியான ஆளுக்கு மடிச்சும் தடிமன் 8 மில்லிமீட்டர் தேறலன்னா அறுந்து போற வாய்ப்பு கூடும், காலப் பின்னாடி மடக்குற பலமும் கொஞ்சம் போயிடும், விங்ல ஓடுறவனுக்கு அது இடிக்கும். குவாட்ரிசெப்ஸ், அதான் முட்டிச்சில்லுக்கு மேல தொட முன்பக்கத்துத் தசைநாண், நல்ல தடிமன், முட்டி வலியும் பட்டெல்லா அளவுக்கு இல்ல, தொட பலம் திரும்ப மட்டும் பிசியோ விடாம செய்யணும். என்னக் கேட்டா தோட்ட வேலையும் பந்தும் ரெண்டும் வேணும்ங்குறவனுக்கு இதத்தான் டாக்டர்கிட்ட மொதல்ல கேக்கச் சொல்லுவேன், அவருக்குக் கைப்பழக்கம் இருக்கணும், அது வேற கத. கணுக்கால் வெளிப்பக்கத்துல இருந்து பெரோனியஸ்ங்குற தசைநாண எடுக்குறவங்களும் இருக்காங்க.

எதப் போட்டாலும் 9 மாசத்துக்கு முன்னாடி மேட்ச் வேணாம்.

டோனர் யாருக்குன்னா, நாப்பது தாண்டி வாரத்துக்கு ஒரு நாள் பேட்மின்டன் ஆடுற அங்கிளுக்கு, மோட்டார் ஆக்சிடெண்ட்ல ரெண்டு மூணு ஜவ்வு சேந்து போனவங்களுக்கு, சொந்தத்த ஏற்கனவே எடுத்துத் திரும்ப அறுந்தவங்களுக்கு. அப்பவும் கதிர்வீச்சு குடுத்த தசைநாணான்னு கேட்டுருங்க, டோஸ் கூடுனா கிருமி சாகும், தசைநாணும் பலம் கொறையும். தனியார்ல அதுக்குத் தனி பில் வருமான்னும் முன்னாடியே கேட்டுருங்க லா.