அவர் விட்டுச் சென்ற யாஷிகா எலெக்ட்ரோ 35: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

என் கணவர் காலமான பிறகு அவருடைய யாஷிகா கேமராவை நான் எடுத்துப் பழகினேன். வருடங்கள் சில ஓடிவிட்டன. வீட்டு பீரோவில் அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். அவரை விட்டுவிட்டு இந்த கேமராவைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடியாது.

எலெக்ட்ரோ 35 வரிசையை யாஷிகா 1966-இல் கொண்டுவந்தது. எங்களிடம் இருப்பது 1973-இல் வந்த ஜிஎஸ்என் மாடல். கல்யாணத்துக்கு முன்பே சென்னை பர்மா பஜாரில் வாங்கி வைத்திருந்தார். முக்கால் கிலோ எடை, 45 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7. அபர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, நாம் வைத்தால் போதும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஃபிலிமில் வெளிச்சம் விழும் நேரத்தை, 30 வினாடியிலிருந்து 1/500 வினாடி வரை அதுவே பார்த்துக்கொள்ளும். பட்டனைப் பாதி அழுத்தும்போது சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம். மஞ்சள் எரிந்தால் ஷட்டர் மெதுவாக விழும், கை ஆடக் கூடாது. இவ்வளவுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

இந்த கேமராவுக்கு 80 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரு பழைய விஷயம் விளங்கியது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எல்லோரும் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து கொஞ்சுவார்கள். இவர் மட்டும் கேமராவோடு பின்னால் பின்னால் போவார். அதனால்தான் எங்கள் ஆல்பத்தில் குழந்தை தனியாக இருக்காது. தொட்டில் கயிறு, காயப்போட்ட துணி, அடுக்களை வாசலில் உட்கார்ந்திருக்கும் என் மாமியார், எல்லாம் கூடவே இருக்கும். இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது குழந்தையோடு அந்த வீடும் முழுசாகத் திரும்பக் கிடைக்கிறது. “பாப்பா, வெளிச்சத்துக்கு வா” என்று திண்ணைக்குக் கூப்பிடுவாரே, அது இந்த மஞ்சள் விளக்கு எரிந்ததற்காக. சிரி என்று ஒரு நாளும் யாரையும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் மதுரை. தை மாதத் தெப்பத்துக்கு அவர் அலுவலகத்தில் முன்கூட்டியே லீவு சொல்லிவிடுவார். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மின்விளக்கு அலங்காரத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவதை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை. குளத்துக் கல்சுவரில் கைக்குட்டையை மடித்து வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார். நானும் அப்படியே செய்து பார்த்தேன். தெப்பம் நகர்வதால் அது கொஞ்சம் இழுபட்டுத்தான் விழும். மைய மண்டபமும் தண்ணீரில் அதன் நிழலும் கூர்மையாக வரும். லென்ஸுக்குள்ளேயே மெல்லிய தகடுகளாக இருக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் அதிர்வே இல்லை. சத்தமும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. இன்றைக்கும் இது பெரிய வசதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடி சமணர் மலை. கீழே தாமரைக்குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் பார்த்துவிட்டு மேலே பேச்சிப்பள்ளம் போவோம். அங்குள்ள தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில் மேலோட்டமாகச் செதுக்கியவை. வெயில் நேராக விழுந்தால் தட்டையாகத் தெரியும். சாய்ந்து விழும்போதுதான் மூக்கும் தோளும் எழுந்து நிற்கும். அதற்காக வெயிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் மகளும் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு படத்துக்கும் வானிலையும் அபர்ச்சர் எண்ணுமாகப் பாக்கெட் நோட்டில் குறிப்பு உண்டு: “மேகம். 5.6. நன்றாக வரலாம்.” எதிர்வெயிலில் ஆளை எடுப்பதற்கான வழியும் அதில்தான் எனக்குக் கிடைத்தது. 100 ஃபிலிமுக்கு, ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ டயலை 50-க்குத் திருப்பினால் ஒரு ஸ்டாப் கூடும், அதாவது வெளிச்சம் இரு மடங்காகும், முகம் இருண்டு போகாது. எடுத்ததும் மறக்காமல் டயலை 100-க்குத் திருப்ப வேண்டும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் தலைவலி பேட்டரி. இதற்கென்று இருந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரியைப் போட்டு, சுற்றி அட்டையைச் சுருட்டி, மீதி இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தால் வேலை செய்கிறது. இந்தச் சின்ன வோல்ட் வித்தியாசத்தால் படம் கெடவில்லை. பேட்டரி இல்லாவிட்டால் எல்லாப் படமும் 1/500-இல்தான் விழும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் திண்டு. வயதானால் பொடிந்துவிடும். ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது ‘டொக்’ என்ற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் திண்டு போய்விட்டது, ஷட்டர் வேகமும் தப்பும். எங்களுடையதில் சத்தம் வரவில்லை. ஒரு கடையில், “ஸ்பேர் கிடைக்காதும்மா, ஷோகேஸ்ல வச்சிடுங்க” என்று திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். மனசு விட்டுப்போனது. அப்புறம் வயதான மெக்கானிக் ஒருவர் மேல்மூடியைக் கழற்றிப் புது ரப்பர் வைத்துக் கொடுத்தார். வெளிச்சம் உள்ளே புகாமலிருக்கப் பின்கதவின் ஓரத்தில் வைத்திருந்து, தார் போலப் பிசுபிசுத்துக் கிடந்த பஞ்சையும் அவரே மாற்றினார்.

ஃபிலிம் விலைதான் உண்மையான சுமை. அவர் காலத்தில் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் கிடைத்தது. குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு அவரே பிரிண்ட் போடுவார். மகள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டிரேயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தாளில் உருவம் எழும்பியதும், “அப்பா, ஆச்சி வந்துட்டாங்க!” என்று அவள் கத்துவது கூடம் வரை கேட்கும். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலின் வாசனை எனக்கு அப்போது பிடிக்காது; அவருக்காகப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஊட்டி ஆலை மூடிப் பல வருடங்களாகிறது. இப்போது ரோலையும் வெளியில் வாங்கி, கழுவவும் கூரியரில்தான் அனுப்புகிறோம். அதனால் கண்டதையெல்லாம் எடுப்பதில்லை, அவரைப் போலவே காத்திருந்து எடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், இன்றே பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், ஈரம் பிடித்து லென்ஸில் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. நெகட்டிவ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவருடையவற்றை மகள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, நோட்டில் உள்ள குறிப்பைப் பார்த்துத் தேதி போட்டு வருகிறாள். சமணர் மலை முடிந்துவிட்டது, தெப்பத் திருவிழா ரோல்களில் பாதி மீதி இருக்கிறது.