டைமிங் மூடியைக் கழற்றும் முன்: ஸ்கேனரா, ஆசிலோஸ்கோப்பா, அழுத்தச் சோதனையா?

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனரில் 'பி 0016' என்ற பிழைக் குறியீட்டைக் கண்டதும், முதலில் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சென்சாரை மாற்றுவார்கள். விளக்கு அணையவில்லை என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார். அதற்கும் மசியவில்லை என்றால், கிராங்கையும் கேமையும் இணைத்துச் சுற்றும் டைமிங் செயின். என் காரிலும் இந்த வரிசைதான் நடந்தது. இரண்டு புதிய சென்சார்கள் போட்ட பிறகும் எஞ்சின் சூடானதும் ஐடிலில் குலுங்கியது. செயினை மாற்ற நாள் குறித்த பிறகுதான், அதற்கு முன் ஒரு முறை அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய வீண்வேலையைத் தடுத்தது.

முதலில் ஸ்கேனர். பி 0016 என்பது கிராங்கும் முதல் வரிசை கேமும் எதிர்பார்த்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்ற புகார். அதில் சென்சார் கெட்டது என்றோ செயின் நீண்டது என்றோ எந்தத் தீர்ப்பும் இல்லை. பி 0011 என்றால் கேம் அளவுக்கு மீறி முந்தியிருக்கிறது. பி 0012 என்றால் பிந்தியிருக்கிறது. பி 0340 என்றால் கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. சென்சாரைச் சந்தேகிக்க நேரடிக் காரணம் தருவது இந்தக் கடைசிக் குறியீடுதான். குறியீட்டை மட்டும் படித்துவிட்டு ஸ்கேனரை மூடிவிடுவதுதான் தவறு. கேம் நிற்கவேண்டிய கோணம், நிற்கும் கோணம் இரண்டையும் ஓடும் எஞ்சினில் அருகருகே பார்த்தால் பாதி வழக்கு தெளிந்துவிடும். ஆனால் சில கார்களின் எஞ்சின் கணினிகள் தாங்கள் கற்றுவைத்த நிலையையே சுழியாகக் கொண்டு கணக்குச் சொல்லும். அந்த எண்ணை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்க நான் துணியமாட்டேன்.

ஆசிலோஸ்கோப் கணினியின் கணக்கைக் கேட்பதில்லை. சென்சார் கம்பியில் ஓடும் மின்னழுத்தத்தை அப்படியே வரைந்து காட்டுகிறது. என் காரில் கிராங்க் சென்சார் படிக்கும் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் உண்டு, அதில் 2 பற்கள் மட்டும் இருக்காது. அதாவது ஒரு பல்லுக்கு 6 பாகை. திரையில் மேலே கிராங்கின் நெருக்கமான பற்கள், நடுவே அந்த இரட்டைப் பல் இடைவெளி. கீழே கேமின் அகலமான சதுர அலைகள். இடைவெளி முடிந்ததிலிருந்து விரல் வைத்துப் பற்களை எண்ணவேண்டும். அதே எஞ்சின் வகையில் நல்ல நிலையில் எடுத்த அலையோடு ஒப்பிட்டபோது, எக்ஸாஸ்ட் கேமின் (புகை வெளியேறும் வால்வுகளைத் திறப்பது) விளிம்பு சரியான பல்லில் விழுந்தது. இன்டேக் கேமின் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறப்பது) விளிம்பு மட்டும் 2 பற்கள் முன்னதாக வந்து நின்றது. 12 பாகை.

இனி கணக்கு எளிது. செயின் மாட்டியிருக்கும் கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால், செயின் ஒரு பல் தாவினால் கிராங்கில் 18 பாகை விலகும். 12 அந்தக் கணக்கில் வராது. செயின் நீண்டிருந்தால் கேம் பிந்தும், இங்கே முந்தியிருக்கிறது. இரண்டு கேமையும் ஒரே செயின் சுற்றும்போது ஒன்று மட்டும் விலகினால், சந்தேகம் அந்தக் கேமின் ஃபேசர் (கேமை முந்தவோ பிந்தவோ திருப்பும் பாகம்) மீதுதான் போகவேண்டும். அதை இயக்கும் எண்ணெய் வால்வின் மின் இணைப்பைக் கழற்றினேன். இயல்பு நிலைக்குத் திரும்பவேண்டிய கேம் அசையவில்லை. வால்வை வெளியே எடுத்தபோது உள்ளே நகரும் தண்டு, எள்ளளவு கசடு சிக்கி, பாதி வழியில் நின்றிருந்தது. செயினுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனாலும் ஆசிலோஸ்கோப்புக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இரண்டு கேமும் ஒரே அளவு விலகியிருந்தால், தாவியது செயினா, கிராங்கின் சென்சார் சக்கரமே இடம் பெயர்ந்ததா என்று அலையை வைத்துச் சொல்ல முடியாது. அங்கேதான் சிலிண்டர் அழுத்தச் சோதனை வெல்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஆசிலோஸ்கோப்போடு இணைத்த அழுத்த சென்சாரைப் பொருத்தி எஞ்சினை ஓட்டவேண்டும். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய்ச் சேரும். ஓர் அழுத்த உச்சத்திலிருந்து அடுத்தது வரை 720 பாகை. உச்சத்துக்குப் பிறகு அழுத்தம் இறங்கிப் போய், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நொடியில் மீண்டும் ஏறும். அந்தத் திருப்பம் இருக்கவேண்டிய பாகையில் இருந்தால், கிராங்க் சென்சார் என்ன சொன்னாலும் எக்ஸாஸ்ட் டைமிங் சரி. பிஸ்டனும் வால்வுமே நேரில் வந்து சாட்சி சொல்வதால், மூன்றிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான். கருவிச் செலவும் அலையைப் படிக்கும் பழக்கமும்தான் தடை.

எஞ்சின் காற்றை இழுக்கும் பாதையின் வெற்றிடத்தைக் காட்டும் வெற்றிட அளவி பழைய கருவி, மலிவானது. ஐடிலில் முள் ஆடாமல் தாழ்ந்தே நின்று, எல்லாச் சிலிண்டரின் அழுத்தமும் சமமாகக் குறைந்திருந்தால் வால்வு டைமிங்கைச் சந்தேகிக்கலாம். எந்தக் கேம் என்று மட்டும் அது சொல்லாது.

மூடியைக் கழற்றிப் பார்ப்பது கடைசி வழி. பல கார்களில் அதற்காக எஞ்சினைத் தாங்கிப் பிடித்து மவுண்டைக் கழற்றவேண்டியிருக்கும். உள்ளே போனபின் ஒன்றைக் கவனியுங்கள்: செயினின் நிறக் கண்ணிகள் பொருத்தும்போது மட்டும் குறிகளோடு நேராக நிற்கும். கிராங்கை இரண்டு சுற்று சுற்றியதும் அவை விலகிப்போகும். அதைக் கண்டு செயின் தாவிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பார்க்கவேண்டியது பல்சக்கரக் குறிகளை.

ஓடும் எஞ்சினுக்குத்தான் இத்தனையும். ஸ்டார்ட்டரைத் தட்டியதும் எஞ்சின் கனமே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றால், பெல்ட்டோ செயினோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது இன்னொரு முறை தட்டவே கூடாது. பிஸ்டன் வால்வைத் தொடும் வகை எஞ்சினாக இருந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் வளையும் வால்வுகளின் எண்ணிக்கை கூடலாம்.