ஹின் பஸ் டிப்போ பக்கத்து நாசி கண்டார்: குழம்புக்குக் குறையில்லை, கல்லாவில்தான் கோளாறு

ஈப்போவிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர் ஜாலான் குருத்வாராவை ஒட்டி வீடு பார்த்திருக்கிறார். ஹின் பஸ் டிப்போவுக்கு அருகில் நான் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவரும் நாசி கண்டார் கடையை, அதாவது சோற்றின் மேல் பலவகைக் குழம்புகளை ஊற்றித் தரும் கடையை, நம்பித் தினமும் மதியம் போகலாமா என்று கேட்டார். ஒரு வார்த்தையில் முடித்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லாவில் ஏற்பட்ட எரிச்சல் இன்னும் அடங்காததால் விரிவாகவே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

குழம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். சோறு எங்கும் கிடைப்பதுதான், பொரித்த கோழியும் பரவாயில்லை ரகம்தான். குழம்பு ஊற்றுபவரின் கைதான் இந்தக் கடையின் சொத்து. குவா சம்போர், அதாவது கலவைக் குழம்பு, என்று கேட்டதும் அவர் மீன் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியின் முதுகால் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து அரைக் கரண்டி அள்ளுகிறார். அதன்மேல் கோழிக் குழம்பு, பிறகு மாட்டிறைச்சிக் கறியின் கெட்டி மசாலா, கடைசியில் கிச்சாப் எனும் சோயா சாறு போட்டுக் கறுக்கச் சமைத்த கோழியின் இனிப்புச் சாறு என்று வரிசை மாறாமல் ஊற்றுகிறார். நான்கும் முழுவதுமாகக் கலந்துவிடாமல் தட்டில் தனித்தனியே தங்குவதால், ஒரு ஓரத்தில் புளிப்பும் காரமும், மறு ஓரத்தில் இனிப்பும் என்று கவளத்துக்குக் கவளம் சுவை மாறுகிறது. அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில், அதே பாத்திரத்துக் குழம்பை வேறொருவர் ஊற்றினால் வெறும் நனைந்த சோறுதான் கிடைக்கிறது.

இத்தனை கவனமாக ஊற்றப்பட்ட தட்டை ஏந்திக்கொண்டு கல்லாவுக்கு வந்தால், அங்கே இருப்பவர் அரைக்கணம் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த தொகையைச் சொல்கிறார். சோறு, ஒரு துண்டுக் கோழி, இரண்டு வெண்டைக்காய், அரை உப்பு முட்டை. நான் வழக்கமாக வாங்குவது இவ்வளவுதான். வாரநாளில் பதினொரு வெள்ளி (ரிங்கிட்), மழை பெய்து கூட்டம் குறைந்த நாளில் பத்து, ஞாயிற்றுக்கிழமை பதினான்கு. "போன வாரம் பதினொண்ணுதானே அண்ணே?" என்று கேட்டேன். "அது சின்னத் துண்டுண்ணே, இன்னிக்குப் பெரிசு" என்றார், தட்டைத் திரும்பிக்கூடப் பாராமல்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கோழி ஏன் பெரிதாகிறது என்பதை அந்தப் பகுதியை அறிந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். 1947-இல் கட்டப்பட்ட ஹின் பஸ் டிப்போ என்ற பேருந்துப் பணிமனை பல காலம் பாழடைந்து கிடந்து, 2014-இல் ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டது. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச்சின் கண்காட்சிதான் அங்கே முதலில் நடந்தது. அவர் 2012-இல் லெபு ஆர்மேனியன் சுவரில் வரைந்த, சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளின் ஓவியத்தைத் தேடி வந்த கூட்டம், இன்று வார இறுதிச் சந்தைக்காக இந்தப் பக்கமும் வருகிறது. துணிப்பையும் கேமராவுமாக வருபவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த விலை பக்கத்துத் தெருவிலிருந்து வரும் எங்கள் மேலும் விழுகிறது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீங்கியபின் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு வாடகை எப்படி ஏறியது என்பது ஊரறிந்த கதை. கணவாய் மீனுக்கும் மீன் சினைக்கும் நாளுக்கொரு கொள்முதல் விலை என்பதையும் ஏற்கிறேன். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தண்டில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறு விற்ற காலத்திலிருந்தே கண்ணால் அளந்து விலை சொல்வது இந்தத் தொழிலில் உள்ள பழக்கம் என்றும் வாதிடலாம். ஆனால் அன்று வாங்கியவரும் விற்றவரும் தினமும் முகம் பார்த்தவர்கள். இன்று விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்குள்ள பலகையிலோ தே தாரேக் எனும் ஆற்றிய பால் தேநீருக்கும் ரொட்டி சானாய் எனும் பரோட்டாவுக்கும் மட்டுமே விலை எழுதியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் கடையைப் பூட்டிப் புதுப்பித்தபோது பலகையும் மாறும் என்று எதிர்பார்த்தேன். பக்கச் சுவர் முழுக்கக் காவடி சுமக்கும் கிழவர் ஒருவரைச் சிரித்த முகத்தோடு வரைந்திருக்கிறார்கள். நல்ல ஓவியம்தான், வேட்டி மடிப்பைக்கூட அழகாகத் தீட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சுவரில் கோழித் துண்டின் விலையை எழுத ஒரு முழம் இடம் கிடைக்கவில்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: தினமும் போக வேண்டாம். ஜார்ஜ் டவுனில் இதைவிட நல்ல குழம்பு எனக்குக் கிடைத்ததில்லை, இருந்தும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். சாப்பிட்டுவிட்டு மனம் கொதிக்க வெளியே வரும் கடைக்கு அதற்குமேல் தர இப்போது மனமில்லை. போவதானால் வாரநாளில், பன்னிரண்டு மணிக்கு முன், குழம்பு ஊற்றுபவர் இருக்கிறாரா என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போங்கள். கணவாயைத் தொடுவதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.