குளிர் ஊரில் எக்ஸ்பி2: கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவிப் பார்த்தேன்

இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எக்ஸ்பி2 சூப்பர் கறுப்பு-வெள்ளைப் படம் தரும் பிலிம்தான். ஆனால் அதைக் கழுவ வேண்டியது கலர் பிலிம்களுக்குரிய சி-41 முறையில். அதற்கு டெவலப்பரை, அதாவது படத்தை வெளிக்கொணரும் கரைசலை, 37.8 பாகை செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி சூடு மாறாமல் வைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், மார்கழி இரவில் என் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 14 பாகையைக் காட்டும்போது, அந்தச் சூட்டைச் சமையலறையில் பிடித்து வைப்பது என்னால் இயலவில்லை. எங்கள் பக்கத்து ஸ்டூடியோவும் கலர் கழுவும் இயந்திரத்தை நிறுத்திவிட்டது. ஆகவே, சி-41 முறையில்தான் சிறந்த பலன் கிடைக்கும் என்று தயாரிப்பாளரே கூறியிருந்தும், கைவசமிருந்த ரோல்களைச் சாதாரணக் கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவினேன்.

இப்படிக் கழுவினால் படம் வருமா என்று பலரும் கேட்கிறார்கள். வரும், ஆனால் அது வேறொரு படம். சி-41இல் டெவலப்பர் வெள்ளியை உருவாக்கும்போதே, பிலிமுக்குள் இருக்கும் கப்ளர்கள் என்ற வேதிப்பொருட்கள் அந்த டெவலப்பரோடு வினைபுரிந்து சாயத்தை உண்டாக்குகின்றன. பிறகு பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளி முழுவதையும் நீக்கிவிட, மிஞ்சுவது சாயம் மட்டுமே. கறுப்பு-வெள்ளை டெவலப்பரிலோ சாயம் பிறப்பதேயில்லை. கப்ளர்கள் சும்மா கிடக்க, வெள்ளியே படமாக நிற்கிறது.

நான் பயன்படுத்தியது ரோடினால், 1891இல் அக்ஃபா அறிமுகப்படுத்திய அதே பழைய டெவலப்பர். 500 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலீட்டர் கலந்து, முதல் நிமிடம் மெதுவாக அசைத்து, அரை மணியில் ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். முதல் ரோலில் பிலிம் கழுவும் டாங்கியைச் சிமெந்துத் தரையில் வைத்ததுதான் தவறு. 20 பாகையில் ஊற்றிய கரைசல் முடிவில் 15 பாகைக்கு இறங்கியிருந்தது. நெகட்டிவ் மெலிந்து, நிழல் பகுதிகளில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது ரோலுக்கு டாங்கியை 22 பாகைத் தண்ணீருள்ள பேசினில் இறக்கி, மேலே கம்பளியைச் சுற்றினேன். மலையகத்தில் இதை முயல்வோர் மற்ற எதை விட்டாலும் இதை விடக்கூடாது. ஃபிக்ஸரிலும் அவசரம் வேண்டாம்: பிலிமின் நுனித் துண்டொன்றை முதலில் போட்டு, பால்போன்ற மங்கல் தெளிய எடுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு விட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த இரண்டு ரோல்களில் ஒன்றைக் கொழும்பில் சி-41இல் கழுவக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில், தராசுக் கொக்கியில் சாக்கு தொங்க, அதன் பின்னே ஓர் அம்மா நிற்கும் காட்சி இரண்டிலும் இருக்கிறது. சாய நெகட்டிவில் அவர் இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் மடிப்புகள் வழுவழுப்பாக, ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. மடுவத்துக்கு வெளியே வெளுத்த வானத்திலும் மணி, அதாவது படத்தின் பொடிப்பொடியான துகள்தன்மை, தெரியவில்லை. வீட்டில் கழுவியதில் சாக்கின் இழை, கொக்கியின் துரு, அவர் விரல்களில் படிந்த கொழுந்துக் கறை யாவும் கூர்மையாக எழுகின்றன. ஆனால் அதே வானம் மணல் தூவியதுபோல் இருக்கிறது. காரணம் எளிது. அதிக ஒளி பட்ட இடத்தில் சாயத் துளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மணியை மறைக்கும். வெள்ளியில் அந்த மறைப்பு இல்லை. ஐஎஸ்ஓ 50 முதல் 800 வரை எந்த வேகத்தில் (ஒளி உணர்திறன் அளவில்) வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற இந்தப் பிலிமின் தாராளத்தை வீட்டு முறையில் நம்பக்கூடாது. எனக்கு 200இல் எடுத்தவையே நன்றாக வந்தன. மூடுபனி நாட்களில் எடுத்தவை மிக நன்றாக வந்தன; அவற்றை உண்மையிலேயே விரும்புகிறேன்.

நெகட்டிவில் மெல்லிய ஊதாச் சாயல் மிஞ்சுகிறது, அது தொல்லையில்லை. ஸ்கேனரில் மட்டும் கவனம் வேண்டும்: தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டறியும் வசதி சாயப் படத்தில்தான் வேலை செய்யும். வெள்ளி அந்த ஒளியையும் தடுப்பதால், அதை அணைக்காவிட்டால் படத்தின் நுணுக்கங்களையே தூசியென்று அழித்துவிடும்.

புதிதாக வாங்கி வீட்டில் கழுவ எண்ணுவோருக்கு எக்ஸ்பி2வைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் சிறப்பே சாயத்தில் இருக்கிறது. அதை இழப்பதற்கென்று காசு கொடுப்பானேன்? எக்ஸ்பி2வைப் போலவே 400 வேகத்தில், சாதாரணக் கறுப்பு-வெள்ளைப் பிலிமான எச்பி5 பிளஸ் இருக்கிறது. ஏற்கெனவே ரோல் கையில் இருந்து, கழுவ இடமில்லாமல் தவிப்போர் தயங்காமல் கழுவலாம். கழுவிய நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருந்தால், கப்ளர்கள் உள்ளேயே இருப்பதால், வெள்ளியை மீண்டும் ஹேலைடாக (டெவலப்பரில் வினைபுரியும் வெள்ளி உப்பாக) மாற்றி, சி-41 டெவலப்பரில் இட்டுச் சாயப் படம் பெறும் வழியும் உண்டு. அந்த மடுவத்துப் படத்தில் அதைச் செய்து பார்க்கும் துணிவு இன்னும் எனக்கு வரவில்லை.