அணுக்குடையா, சொந்தப் படையா?

மகன் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவச் சேவைக்குப் போயாக வேண்டும் என்று தெரிந்தேதான் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தோம். இப்போது அவன் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறான். "அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் எதற்கு அண்ணா?" என்றாள் தங்கை. அணு ஆயுத மிரட்டல் சகஜமாகிவிட்ட காலத்தில் நியாயமான கேள்விதான். அணு ஆயுத வல்லரசு ஒன்று தன் ஆயுத பலத்தால் நட்பு நாட்டைக் காப்பதாகத் தரும் வாக்குதான் அணுக்குடை. அதன்கீழ் ஒதுங்காமல் சொந்தப் படையை வளர்க்கும் சிங்கப்பூரின் வழியே சரி என்பது என் கட்சி.

நியூசிலாந்து அமெரிக்கக் கூட்டணியிலிருந்து விலகி நின்றது. அணு ஆயுதம் உண்டா இல்லையா என்று அமெரிக்கா சொல்லாததால், 1985இல் அதன் புக்கனன் போர்க்கப்பலுக்கு அனுமதி மறுத்தது. மறு ஆண்டே அமெரிக்கா தன் பாதுகாப்புப் பொறுப்பை நிறுத்திவைத்தது. துணிச்சல்தான். ஆனால் எந்தச் சண்டைக்கும் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும், நமக்கு ஆகாது.

பின்லாந்து நேர்மாறு. அணு ஆயுதங்களைக் கைவிட்ட உக்ரேனுக்கு ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் 1994இல் புடாபெஸ்டில் தந்த பாதுகாப்பு உறுதிமொழி, 2022இல் ரஷ்யா முழுவீச்சில் படையெடுத்தபோது காற்றோடு போனதை அது பார்த்தது. ரஷ்யாவின் மிரட்டலுக்கு ஒதுங்காமல் 2023 ஏப்ரலில் அமெரிக்கா இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது.

சரி, சேர்ந்தாயிற்று. அப்புறம்? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒருநாள் வேலை, அதன்மேல் உள்ள நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் ஓயாத வேலை. தென்கொரியாவைப் பாருங்கள். அமெரிக்காவுடன் அதன் ஒப்பந்தம் 1953இல் போட்டது. வடகொரியா 2006இல் முதல் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. பிறகு அமெரிக்க மண்ணையே எட்டக்கூடிய ஏவுகணைகளையும் சோதித்தது. தென்கொரியத் தலைநகர் சோலுக்காக அமெரிக்கா தன் நகரம் ஒன்றைப் பணயம் வைக்குமா என்ற சந்தேகம் அங்கே வலுத்தது. 2023இல் அமெரிக்கா தன் அணுக்குடை வாக்கை மறுபடி உறுதிசெய்த வாஷிங்டன் பிரகடனம், அதன்படி இரு நாடுகளும் அமைத்த அணு ஆலோசனைக் குழு, தென்கொரியாவின் பூசான் துறைமுகத்துக்கு வந்த அமெரிக்காவின் கென்டக்கி அணு ஆயுத நீர்மூழ்கி எல்லாமே அந்தச் சந்தேகத்தைத் தணிக்கத்தான். இத்தனைக்குப் பிறகும் சொந்தமாக அணுகுண்டு வேண்டும் என்ற குரல் அங்கே ஓயவில்லை. வாஷிங்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் கேள்வி புதிதாக எழுகிறது. அந்தப் பதற்றத்தை ஒரு சிறிய நாடு தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வேண்டும். கட்டாய ராணுவச் சேவையும் அங்கே ஒழியவில்லை, பின்லாந்திலும் ஒழியவில்லை.

நம் கதை வேறு. 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகியவற்றோடு நாமும் சேர்ந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு வந்தது. ஆபத்து வந்தால் கலந்து பேச வேண்டும் என்கிறதே தவிர, சண்டைக்கு வந்தே தீர வேண்டும் என்று அது யாரையும் கட்டிப்போடவில்லை. அமெரிக்கப் படைகள் 1990 உடன்பாட்டின்படி நம் தளங்களைப் பயன்படுத்துகின்றன, விமானந்தாங்கிக் கப்பல்கள் சாங்கிக்கு வந்துபோகின்றன. ஆனாலும் நாம் கூட்டணி நாடல்ல. காப்பாற்றுவதாக யாரும் வாக்குக் கொடுக்காததால், அது பலிக்குமா என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. 1967 முதல் நாமே வளர்த்த படை கையில் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அணு ஆயுதத்தைக் காட்டி நம்மை யாரும் நேரடியாக மிரட்டியதில்லை, அதனால் இந்த வழி அந்தச் சோதனையைக் கண்டதில்லை. பின்லாந்தைப்போல 1,300 கிலோமீட்டருக்கும் மேல் ரஷ்யாவோடு எல்லை இருந்திருந்தால், நானும் நேட்டோவில் சேரத்தான் கை தூக்கியிருப்பேன்.