தொங்குதொட்டியில் கூடைப்புல்: இரண்டு மழையும் ஒரு கோடையும் கடந்த பிறகு

கூடைப்புல் நர்சரியில் வாங்கும் அன்றைக்குத்தான் அழகு, அப்புறம் வெறும் குச்சி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். ஒரே செடியாக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் ஜாதி இல்லை இது. அடித்தண்டில் இலை உதிர்ந்து மொட்டையாவது நோயல்ல, வயது. ஆண்டுக்கொரு முறை நுனிகளை வெட்டிப் புதுத் தொட்டி போடத் தயாராக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று. ஒப்லிஸ்மெனஸ் ஹிர்டெல்லஸ் என்ற புல்லின் வெள்ளைக்கோட்டு வகை இது. இதைக் கேட்டால் டிராடெஸ்கான்ஷியா என்ற வேறொரு தொங்குசெடியை எடுத்துத் தருவதும் நடக்கிறது. அதன் தண்டு சதைப்பற்றாக இருக்கும், ஒடித்தால் நீர் கசியும். கூடைப்புல்லின் தண்டு கம்பிபோல் மெலிசு. இலையில் லேசான அலை நெளிவு தெரியும்.

15 செ.மீ. தொட்டிக்கு எட்டு முதல் பத்துத் துண்டுகள் வேண்டும். நாலைந்தோடு நிறுத்தினால் நடுவில் வழுக்கை விழும். துண்டு 8 முதல் 10 செ.மீ. நீளம் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும், வேர் வருவது கணுவில்தான். நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் பத்து நாளுக்குள் பிடித்துவிடும். நீளும் நுனிகளை இரண்டு தடவை கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து அடர்த்தியாகும்.

மண்கலவை: செம்மண் 2 பங்கு, கதம்பைத் தூள் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு. கதம்பைத் தூளுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆனால் உப்பு இருக்கும். மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் கலக்கக் கூடாது. இலைநுனி கருகுவதற்கு வெயிலைக் குறை சொல்லுகிறோம், பல நேரம் காரணம் உப்புதான். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து ஊற்றுவது நல்லது. அது முடியாதபோது மாதமொரு முறை தொட்டியின் அடியில் வடிந்தோடும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் சிக்கல் வேறு. ஆனி, ஆடிக் காற்று மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலையை உலர்த்திவிடும். தொட்டியைக் காற்றுக்கு மறைவான சுவரோரம் மாற்றாமல் தண்ணீரை மட்டும் கூட்டினால் நுனி கருகலோடு வேரழுகலும் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு: மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

கிழக்குப் பார்த்த வராந்தாவின் காலை வெளிச்சம் இதற்குப் பொருத்தம். அந்த அளவு வெளிச்சத்தில் இலையோரம் இளஞ்சிவப்பு ஏறும். இருட்டில் கணு இடைவெளி நீண்டு கோடு மங்கும், உச்சிவெயிலில் வெள்ளைப் பகுதி வெந்துவிடும். முழுப்பச்சைத் தண்டு ஒன்று கிளம்பினால் அடியோடு வெட்ட வேண்டும். பச்சையம் கூடுதலாக உள்ள அது வேகமாக வளர்ந்து கோட்டுத் தண்டுகளை அமுக்கிவிடும்.

உரம் குறைவாகவே போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், மாதம் ஒரு முறை. அதுவும் வளரும் பருவத்தில் மட்டும். கோடையில் இலையில் பொடிப்புள்ளியும் மெல்லிய வலையும் தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் ஒருவார இடைவெளியில் இரண்டு தடவை அடித்தால் அடங்கும்.

பூக்கதிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். பார்வைக்கு ஒன்றுமில்லை, முற்றினால் அதன் பிசுபிசுத்த முட்கள் துணியில் ஒட்டி விதை பரவும். வெட்டிய தண்டுகளை ஈரத்தோடு உரக்குழியிலோ ஓடைக்கரையிலோ போடக் கூடாது. ஒவ்வொரு கணுவும் வேர்விடும். சிமென்ட் தரையில் வெயிலில் முறுகக் காய்ந்த பிறகே குழிக்குப் போகட்டும்.